கீழே திண்ணை, மேலே வளைவு ஜன்னல்: புதுச்சேரி தமிழ்ப் பகுதி வீட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: புதுச்சேரியில், கிழக்கே வெள்ளையர் பகுதியையும் மேற்கே தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உங்கள் தாத்தா வீடு இருக்கிறது. கீழே திண்ணையும் மரத்தூண்களும், மாடியில் வளைவு ஜன்னல்களும் ஜோடி ஜோடியாகத் தூண்களும். சொந்தக்காரர்கள் எல்லோரும் "300 வருஷத்து பிரெஞ்சு வீடு" என்கிறார்கள். அது உண்மையா? இந்த ஒரு கேள்விக்குள் வீட்டின் வயது என்ன, கட்டியது யார், ஒரே வீட்டில் இரண்டு மாதிரி ஏன் என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. முன்பக்கத்தை இடித்துவிட்டுக் கடை கட்டலாம் என்று உங்கள் சித்தப்பா சொல்வதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இடிப்பதற்கு முன்னால் அங்கே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கட்டடக் கலைஞன். 20 வருஷத்துக்கும் மேலாகச் சுண்ணாம்புச் சுவரோடும் தேக்கு உத்தரத்தோடும்தான் வேலை. வரலாறு எனக்குப் படித்துத் தெரிந்தது, சுவர் தொட்டுத் தெரிந்தது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் 300 வருஷம். உங்கள் வீதிக்கு அந்த வயது இருக்கலாம், வீட்டுக்கு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே வந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்தை ஊன்றினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1699இல் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வரைந்த திட்டங்களிலேயே நேர்க்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுவதைப் பார்க்கலாம். புதுச்சேரியின் கட்டம் போட்ட வீதி அமைப்பு பிரெஞ்சுக்காரர் மூளையில் உதித்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முதல் கோடு போட்டது டச்சுக்காரர்கள் என்பதற்கு வரைபடமே சாட்சி. அதில் எவ்வளவு அவர்கள் காலத்திலேயே தரையில் இறங்கியது, எவ்வளவு பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் செய்தது என்பதுதான் வாதத்துக்குரியது. கட்டத்துக்குள் யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதை வீதிப் பெயர்களே சொல்லும். வைசியாள் வீதி, செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி என்று தொழிலும் சாதியும் பெயரில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் 1761. புதுச்சேரி வீடுகளைப் பற்றிப் பேசும் யாரும் இந்த வருஷத்தைத் தாண்டாமல் போக முடியாது. பல மாத முற்றுகைக்குப் பிறகு அந்த ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் கோட்டையையும் மதிலையும் வெள்ளையர் பகுதிக் கட்டடங்களையும் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தபோது பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் பழைய அஸ்திவாரங்களின் மேலேயே, பழைய வீதிக் கோடுகளிலேயே கட்டத் தொடங்கினார். அதன் பிறகும் ஆங்கிலேயர் 1778, 1793, 1803 என்று மூன்று முறை வந்தார்கள். 1816இல்தான் ஊர் நிலையாகப் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. நிம்மதியாகக் கடன் வாங்கி, மரம் இறக்கி, மாடி எழுப்ப யாருக்கும் 1816க்கு முன்னால் பெரிய துணிச்சல் இருந்திருக்காது என்பது என் கருத்து. இன்று நாம் பார்க்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கருத்து இல்லை, கட்டுமானத்தைப் பார்த்தாலே தெரியும்.

விதிவிலக்கு உண்டு. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 18ஆம் நூற்றாண்டு வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதி, நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னால் 1761 ஜனவரியில் இறந்துபோன அதே பிள்ளை. அந்த வீட்டை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் அதன் வயது மட்டும் இல்லை. கீழே செதுக்கிய மரத்தூண்கள் முற்றத்தைச் சுற்றி நிற்கும், மேலே காரை பூசிய ஐரோப்பியத் தூண் வரிசை. உங்கள் தாத்தா வீட்டின் அதே சூத்திரம்தான். ஆக, இந்தக் கலவை 19ஆம் நூற்றாண்டில் வந்த மோஸ்தர் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே பெரிய தமிழ் வியாபாரிகளின் வீட்டில் அது இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் வீதி முழுக்கப் பரவியது.

பரவுவதற்குப் பணம் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? இந்த ஊரில் நெய்து சாயம் போட்ட நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. துணியிலும் கடலையிலும் தரகிலும் சம்பாதித்த குடும்பங்கள்தான் மாடி எழுப்பின. உங்கள் வீட்டைக் கட்டியது பிரெஞ்சுக்காரரா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணை வைத்த வீடு என்றால் கட்டச் சொன்னவர் தமிழர், கட்டியதும் தமிழ்க் கொத்தனார். கிழக்குப் பக்கத்து வீதியில் நடந்து பாருங்கள். வீடுகள் உயரமான மதிலுக்கும் பெரிய கதவுக்கும் பின்னால் ஒதுங்கி இருக்கும், நடந்து போகிறவனுக்குச் சுவர்தான் தெரியும். மேற்கே வந்தால் வீடு வீதிக்கே வந்து உட்கார்ந்திருக்கும். வாய்க்கால் பிரித்தது நிறத்தை மட்டும் இல்லை, வீதியோடு வீட்டுக்கு உள்ள உறவையும்தான்.

அந்த உறவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இடிப்பதாகச் சொல்லும் முன்பக்கம் அதுதான். வீதியை ஒட்டி முதலில் தாழ்வாரம்: ஒரு மேடை, அதன் விளிம்பில் மரக்கால்கள், மேலே சாய்வாக இறங்கும் ஓட்டுக்கூரை. இதை வீட்டுக்காரர் கட்டினாலும் வெயிலில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் அது நிழல். அதற்கு உள்ளே ஒரு படி உயர்ந்து திண்ணை. பல வீடுகளில் திண்ணையின் ஒரு கோடியில் சுவரோடு சேர்த்துச் சாய்மானம் கட்டியிருப்பார்கள், தலை வைத்துப் படுக்கத் தோதாக. வந்தவர் யார் என்பதைப் பொறுத்து அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்துவதா, திண்ணையில் உட்கார வைப்பதா, நிலைவாசலைத் தாண்டி அழைப்பதா என்று வீடு முடிவு செய்யும். சாதியும் அந்த முடிவில் இருந்தது, அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. நிலைவாசலைத் தாண்டினால் நடை, நடை முடிந்தால் முற்றம். வானம் திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் கூடம், அறைகள், பின்கட்டில் சமையல், அதற்கும் பின்னால் கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும். காற்றும் அதே கோட்டில்தான் போகும். சூடான காற்று முற்றம் வழியாக மேலே ஏற, வாசல் பக்கமும் கொல்லைப் பக்கமும் இருந்து புதுக் காற்று உள்ளே வரும். முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிய வீடுகளில் "முன்பெல்லாம் இவ்வளவு புழுக்கம் இல்லையே" என்று சொல்வதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். காரணம் தலைக்கு மேலேயே இருக்கும்.

மாடி ஏன் பிரெஞ்சு மாதிரி? இதற்கு எழுதி வைத்த காரணம் எதுவும் கிடையாது, அதனால் இது என் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளம் சடங்குக்கு உரியது. கல்யாணம், திவசம், விளக்கேற்றுவது, விருந்தாளியை எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைத்த அமைப்பு அது. அதில் கை வைக்க யாருக்கும் தோன்றாது. மாடிக்கு அப்படி வழக்கம் எதுவும் இல்லை, அது புது இடம். அங்கே ஊரில் செல்வாக்குள்ளவர்கள் எப்படிக் கட்டினார்களோ அந்த மாதிரியை எடுத்துக்கொண்டார்கள்: வளைவு ஜன்னல், சாய்ந்த பலகைகள் வைத்த கதவு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், அவற்றின் தலையில் காரையில் செய்த இலைவேலை, மேலே குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச் சுவர். எடுத்துக்கொண்டதை அப்படியே வைக்கவும் இல்லை. அரைத்தூண் தலையில் தாமரையோ கிளியோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கொத்தனார் கை எங்கே தன் வழிக்குப் போனது என்று புரியும். மிஷன் வீதியில் சம்பா கோவிலைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் வீடுகளில் ஐரோப்பிய முகப்பு கீழ்த்தளம் வரைக்கும் இறங்கி வந்திருக்கும். (சான் பாவுலோ, அதாவது புனித பவுல் பெயர்தான் மக்கள் வாயில் சம்பா ஆனது. இப்போதுள்ள கோவில் 1791இல் கட்டி முடித்தது.) தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில், உள்ளே இருக்கும் பெண்கள் வெளியே தெரியாதபடி மாடி முகப்பில் மரச்சட்டத் தடுப்பு இருப்பதைக் கவனிக்கலாம். மூன்று பகுதிக்கும் பொதுவான ஒன்று முற்றம்.

சரி, உங்கள் வீட்டின் வயதுக்கு வருவோம். படத்தை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் நீங்களே பார்த்துச் சில முடிவுகளுக்கு வரலாம். தாழ்வாரத்துக் கூரை ஓட்டில் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கையளவு சின்ன நாட்டு ஓடு என்றால் அது எந்தக் காலமாகவும் இருக்கலாம். பட்டையான சீமை ஓடாக, அடியில் மங்களூர் கம்பெனி முத்திரையோடு இருந்தால் அந்தக் கூரை 1865க்குப் பிற்பட்டது, ஏனென்றால் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை அந்த வருஷம்தான் தொடங்கியது. கூரைக்குத்தான் அந்த வயது, வீட்டுக்கு இல்லை. ஓடு மாற்றுவது சாதாரண விஷயம். மாடித் தரையை அடியிலிருந்து அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்கள் நெருக்கமாக வரிசையாக இருந்தால் பழைய முறை. நடுவில் இரும்பு உத்தரம் தெரிந்தால், ஒன்று 19ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 20ஆம் நூற்றாண்டு, இல்லாவிட்டால் பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது வைத்தது.

அந்தத் தேக்கு உத்தரங்களுக்கு மேலே இருப்பதுதான் மெட்ராஸ் டெரஸ் தளம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உத்தரத்தின் மேல் அச்சுக்கல் என்று சொல்லும் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் வரிசையாகச் சுண்ணாம்பு வைத்து ஒட்டுவார்கள். ஒரு கல் அடுத்த கல்லைத் தாங்கும், அடியில் பலகை எதுவும் வேண்டாம். அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கட்டையின் சத்தம் மாறும். ஈரமான மொத்துச் சத்தம் போய்க் கணீரென்று கேட்கும்போதுதான் தளம் இறுகியது என்று அர்த்தம். அதற்கு மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். உங்கள் வீட்டில் இந்தத் தளம் இன்னும் ஒழுகாமல் இருந்தால், மேலே சிமெண்ட் போட விடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கீழே இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனையை உளுத்துப்போகச் செய்யும். நடுவில் மரம் உறுதியாக இருக்கும், சுவருக்குள்ளே பொடியாகியிருக்கும். இப்படிப்பட்ட முனைகளைக் கையாலேயே உதிர்த்து எடுத்திருக்கிறேன். கடற்கரைச் சாலையில் 1870களில் கட்டிய மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது நினைவிருக்கும். பிறகு பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். கவனிக்காமல் விட்ட சுண்ணாம்புக் கட்டடம் மெதுவாகப் பலவீனமாகும், விழும்போது ஒரே நாளில் விழும்.

மாடியும் கீழ்த்தளமும் ஒரே காலமா என்பதற்கு மாடிப்படி ஏறும் சுவரைப் பாருங்கள். கீழ்ச்சுவரின் செங்கல் அளவும் மேல்ச்சுவரின் செங்கல் அளவும் வேறாக இருந்தால், இடையில் ஒரு தலைமுறையாவது கடந்திருக்கலாம். படிக்கட்டு முற்றத்தின் தூண் வரிசையை இடிப்பது போல ஓரமாக நுழைந்திருந்தால் மாடி பிற்பாடு வந்தது என்பதற்கு அது நல்ல அறிகுறி, முடிவான ஆதாரம் இல்லை. முடிவான ஆதாரம் காகிதம்தான். பிரெஞ்சுக் காலத்தில் வீடு கைமாறினால் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரியிடம், பத்திரம் பதிவாகும். அதில் நான்கு எல்லையும், சில சமயம் மாடி உண்டா இல்லையா என்பதும் எழுதியிருக்கும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பிரெஞ்சில் எழுதிய மஞ்சளேறிய தாள்கள் இருந்தால் முதலில் அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை புதுச்சேரியிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு நகர வரைபடங்களைப் பிரான்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. உங்கள் வீதி எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று ஒரு மாலை உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். வரைபடத்தில் வீதி இருப்பதால் இன்றைய வீடு அன்றே இருந்தது என்று ஆகாது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

இனி உங்கள் சித்தப்பாவின் யோசனை. ஒரு வேலையைச் சொல்கிறேன். தமிழ்ப் பகுதியில் ஒரு வீட்டு முகப்பில் முழுக்கச் சிமெண்ட் பூச்சு இருந்தது. தாழ்வாரம் இல்லை, திண்ணையில் கம்பிக் கதவு. இந்த வீட்டில் எப்போதுமே தாழ்வாரம் கிடையாது என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னார். பூச்சை உரித்ததும் திண்ணைக்கு மேலே, கையை உயர்த்தினால் எட்டுகிற உயரத்தில், ஒரே மட்டத்தில் சதுரமான குழிகள் வரிசையாகத் தெரிந்தன. உடைந்த செங்கல்லை வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு குழிக்குள் கூரையைத் தாங்கிய கைமரத்தின் அறுபட்ட முனை அப்படியே இருந்தது. அந்தக் குழிகளின் இடைவெளியை அளந்துதான் தாழ்வாரத்தைத் திரும்ப வைத்தோம். சுவரே கணக்குச் சொன்னது. திரும்ப வைத்த அன்று மத்தியானமே பூக்காரம்மா ஒருவர் கூடையோடு வந்து அந்த நிழலில் உட்கார்ந்தார்.

ஒரு வீட்டில் செய்வதை ஒரு வீதிக்கே செய்ய முடியும் என்பதற்கு வைசியாள் வீதி இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் புதுச்சேரி நகராட்சியும் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரங்களோடு சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியில் அந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே நின்று பார்த்தால் ஒன்று புரியும். தனித்தனியாக எடுத்தால் அவை நடுத்தரமான வீடுகள். தாழ்வாரமும் திண்ணையும் ஒரே மட்டத்தில் தொடர்வதால்தான் அது வீதியாக இருக்கிறது. நடுவில் ஒரு வீடு முன்பக்கத்தை இடித்து ஷட்டர் போட்டால் இரண்டு பக்கமும் கோடு அறுந்துபோகும்.

வருமானம் வேண்டும் என்பது நியாயமான தேவை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்கு முன்பக்கத்தை இடிக்க வேண்டியதே இல்லை. நடையின் இரு பக்கத்தில் ஏதாவது ஒன்றில் வீதியைப் பார்த்த அறை இருக்கும். அந்தக் காலத்து வியாபாரிகள் கணக்குப்பிள்ளையை வைத்துக் கணக்கு பார்த்ததே பெரும்பாலும் அங்கேதான். ஜன்னலை வாசலாக்கி, திண்ணையை அப்படியே விட்டு, அந்த அறையைக் கடைக்கு விடலாம். ஏற்பாடு பிடிக்காவிட்டால் வாசலைத் திரும்ப ஜன்னலாக்கிக்கொள்ளலாம். இடித்த தாழ்வாரத்துக்கு அந்த வசதி கிடையாது. புதிய கட்டட விதிகளின்படி வீதியை ஒட்டித் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை இடிப்பதற்கு முன்னால் நகராட்சியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நான்கு படம் எடுங்கள்: ஓட்டின் அடிப்பக்கம், மாடித் தளத்தின் அடியில் உத்தரங்கள், மாடிப்படிச் சுவர், திண்ணைக்கு மேலே சுவரில் பூச்சு உதிர்ந்த இடம் ஏதாவது இருந்தால் அது. செங்கல் தெரிகிற இடத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. இங்கேயே பதிவிடுங்கள், பார்த்துவிட்டு எது கீழ்த்தளத்தின் காலம், எது மாடியின் காலம் என்று என்னால் முடிந்த அளவு சொல்கிறேன்.